கோட்டுக்கு எந்தப் பக்கம் தலை

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கு அரசு ஹெல்த் டிபார்ட்மென்டிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தப் பெண்மணியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் பொட்டு சேச்சி. பொட்டு வைத்துக்கொள்வதில் அவருக்கு ஒன்றும் பெரிய ஆசை கிடையாது. பாதி நாள் வெறும் நெற்றியோடுதான் வருவார். பொட்டெல்லாம் அவருடைய நோட்டில் இருக்கும்.

குழந்தைகள் படம் வரைகிற பெரிய நோட்டு அது. அட்டையில் யானை. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ஸ்டிக்கர் பொட்டுகள். ஆளுக்கு ஒரு பொட்டு. நன்றாக நடமாடுகிறவருக்குக் கறுப்பு, உடம்புக்கு வந்து படுத்தவருக்குச் சிவப்பு. யாரிடமிருந்து யாருக்கு எது போயிற்றோ அதற்கு ஒரு கோடு, கோட்டின் நுனியில் சின்னதாய் ஓர் அம்புத் தலை. பிறர் சொல்லிக் கேட்டதற்குப் பென்சில் கோடு. நிச்சயம் என்று அவருக்குப் பட்டால்தான் பேனா. ஏன் பொட்டு ஒட்டுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"பேனாவுல வட்டம் போட்டா போட்டதுதான் மாமி. இதை நகத்தால எடுத்து மாத்தி ஒட்டிரலாம். இன்னைக்கு கறுப்பு, நாளைக்கு சிவப்பு. ஆளுங்க அப்படித்தானே, அல்லே?" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு உண்டான மூன்று கறுப்புப் பொட்டுகளையும் பார்த்தபடி இருந்தேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. வாசலில் காலிங் பெல் அடித்தால்கூட முதலில் நெஞ்சில்தான் அடிக்கும்.

காபி கொடுத்தால் வேண்டாம் என்பார். தண்ணீர் சொந்த பாட்டிலில் கொண்டுவருவார். நவராத்திரித் தாம்பூலத்தில் சேர்ந்துபோகிற ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை மட்டும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். நோட்டு செலவுக்கு.

அவர் சாலைக் கடைத்தெருவில் தராசு விற்ற ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார், கோபம் வந்தால் முழுக்க மலையாளம். ஆனால் கோபம் வந்து நான் பார்த்தது ரொம்ப அபூர்வம். மற்றபடி அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. எதைச் சொன்னாலும், "நேரா கண்டதா மாமி, கேட்டதா?" என்பார். மழை பெய்கிறது என்று சொன்னாலும் அதே கேள்விதான் வரும் என்று என் கணவர் கேலி செய்வார்.

ஒரு தடவை தெருவே ஒரு வேன் பிடித்துக் கல்லாற்றுக்குப் போய் ஆற்றில் குளித்துவிட்டு வந்தது. மறுநாள் ஆறேழு பேருக்கு வயிற்றுப்போக்கு. சமையல் செய்த மாமியின் புளியோதரைதான் காரணம் என்று அத்தனை பேரும் ஒரே வாயாய்ச் சொன்னோம். அந்த மாமி ஒரு வாரம் வெளியே தலை காட்டவில்லை. பொட்டு சேச்சி வந்து வீடு வீடாக உட்கார்ந்து யார் என்ன தின்றார்கள் என்று கேட்டு ஒட்டினார், கோடு இழுத்தார். புளியோதரையை எல்லாரும் தின்றிருக்கிறார்கள், படுத்தவர்களும் படுக்காதவர்களும். படுத்தவர்கள் மட்டும் வழியில் வேனை நிறுத்தி வெட்டிய அன்னாசி வாங்கித் தின்றவர்கள். நோட்டைத் திருப்பி அந்த மாமியிடமே காட்டினார். மாமி அழுதுவிட்டாள். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை. நோட்டில் என் பொட்டு கறுப்பாக இருந்த தைரியம்.

அடுத்த வருடம் நவராத்திரி முடிந்து ஒரு மாதம் கழித்து மஞ்சக்காமாலை வந்தது. முதலில் விழுந்தது எங்கள் தெருக்காரர் இல்லை. எங்கள் வீடு உட்பட மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த செல்வியின் பெண் குழந்தை. ஏழு வயது. செல்வி வள்ளியூர்ப் பக்கம். புருஷன் இங்கே ஹோட்டலில் புரோட்டா போடுகிறவன். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் இருந்தார்கள். குழந்தைக்குக் கண் மஞ்சளாகி, வாந்தி நிற்காமல், மெடிக்கல் காலேஜில் சேர்த்தார்கள். நாலே நாளில் எங்கள் தெருவில் இரண்டு வீடு. அந்த வாரமே ஐந்து வீடு.

"அவதான் கொண்டுவந்து விட்டா. பாத்திரத்தையெல்லாம் அவ கைதானே தொடறது?" என்று ஆரம்பித்தது மூலை வீட்டு மாமி. அந்தச் சொல் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விட்டது. மூன்று வீட்டிலும் செல்வியை நிறுத்தினோம். ஆமாம், நானும்தான். வாசல் கேட்டைத் திறக்காமலே, "குழந்தை சரியாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். சரி மாமி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் பொட்டு சேச்சி வந்தார்.

"இது குடிச்ச உடனே வர்ற சீக்கு இல்ல, கேட்டோ. உள்ள போயி ஒரு மாசம் சத்தமில்லாம உக்காந்திருக்கும். அதனால போன வாரத்தை விடுங்க. ஒரு மாசத்துக்கு முன்னாடி யாரு யார் வீட்டுக்குப் போனீங்க, என்ன சாப்பிட்டீங்க, அதைச் சொல்லுங்க."

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் கொலு. ஒன்பது நாளும் பதினாலு வீட்டுப் பெண்களும் மாறி மாறிப் போய்வந்த காலம். அவர் கேட்டார், நாங்கள் சொன்னோம். மூன்று நாள் சுற்றிவிட்டு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நோட்டை விரித்தார். பக்கம் முழுக்கக் கோடு. எல்லாப் பொட்டிலிருந்தும் எல்லாப் பொட்டுக்கும்.

"இதென்ன மாமி, படமா? கரி பிடிச்ச அடுப்பு மாதிரி இருக்கு. இந்தத் தெருவுல ஒருத்தர்கூட ஒரு வீட்டையும் விடலையா? ஒரு சுண்டலையும் மிச்சம் வைக்கலையா?"

எனக்குக் காரணம் தெரியும். எங்கள் தெருவில் பிறந்த யாருக்கும் தெரியும். ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போகவில்லை என்று வாயால் சொன்னால் அது அந்த வீட்டுக்கு அவமானம். கொடுத்ததைச் சாப்பிடவில்லை என்றால் அம்பாளுக்கே அவமானம். அதனால் போகாத வீட்டுக்கும் போனோம் என்றோம், தொடாத சுண்டலையும் சாப்பிட்டோம் என்றோம். ஹெல்த்துக்காரி கேட்டால் மட்டும் வாய் மாறுமா?

அவர் சும்மா விடுகிறவர் இல்லை. மறுபடியும் முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை எங்கே போனீர்கள் என்று கேட்கவே இல்லை. "தாம்பூலத்துல கிடைச்சதையெல்லாம் எடுத்துக் காட்டுங்க" என்றார். ஒரு வீட்டில் குங்குமச் சிமிழ் கொடுத்திருந்தார்கள், ஒரு வீட்டில் பச்சை மூடி டப்பா, ஒரு வீட்டில் கண்ணாடி. எந்தப் பொருள் எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கே மட்டும் கோடு. இல்லாத கோட்டையெல்லாம் அழித்தார். அழிக்கிற ரப்பரின் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்போதுதான் என் பயம் தொடங்கியது. மூலை வீட்டில் வருஷாவருஷம் சரஸ்வதி பூஜை அன்று பானகம். அவர்கள் கிணற்றுத் தண்ணீர் தித்திப்பு என்று தெருவில் பெயர். காய்ச்சாத அந்தத் தண்ணீரில் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் போட்டு, அந்த வருடம் பாட்டிலில் அடைத்து, விளக்குப் படம் ஒட்டிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குச் சர்க்கரை வியாதி. மூன்றாமவள், என் பெண், டயட். பிரசாதத்தை வாஷ்பேசினில் கொட்ட மனசு வரவில்லை. மறுநாள் காலை செல்வியிடம் கொடுத்து, குழந்தைக்குக் கொடு என்றேன்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த மூலை வீட்டுப் பையனுக்குத்தான் என் பெண்ணைப் பேசி முடித்திருந்தோம். தை மாதம் நிச்சயதார்த்தம். சம்பந்தியாத்துப் பிரசாதத்தை வேலைக்காரிக்குத் தூக்கிக் கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் மூன்று பேரும் குடித்தோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"பாட்டில் எங்க மாமி?" என்றார் பொட்டு சேச்சி.

"பிளாஸ்டிக் எடுக்க வர்றவாகிட்ட போட்டுட்டேன்."

"அவங்க மாசத்துக்கு ஒரு தரம்தானே வருவாங்க. போன மாசம் பூஜைக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிட்டாங்க, இந்த மாசம் இன்னும் வரலையே?"

"அப்போ... எங்கேயோ தூக்கிப் போட்டிருப்பேன். யார் கண்டா?"

அவர் பென்சிலால் மூலை வீட்டிலிருந்து எங்கள் மூன்று பொட்டுக்கும் கோடு போட்டார். பேனாவை எடுக்கவில்லை. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

என் பொய் என்ன செய்தது என்பதை அவரே எனக்கு விளக்கினார், அது பொய் என்று தெரியாதவர் மாதிரி. "பாருங்க மாமி, எனக்கு அந்தப் பானகம் மேல ஒரு சம்சயம் இருக்கு. ஆனா நீங்க மூணு பேரு குடிச்சிருக்கீங்க, கறுப்பாவே இருக்கீங்க. இன்னும் ரெண்டு மூணு வீட்டுலயும் அப்படித்தான். அப்போ பானகம் இல்லேன்னுதானே ஆகும்?" பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டைக் காட்டினார். செல்வியின் குழந்தை. அதற்கு ஒரு கோடும் இல்லை. "எல்லாரும் சொல்றாங்க, இதுதான் முதல் பொட்டுன்னு. யாருகிட்டயிருந்தும் வராம ஒரு குழந்தைக்கு சீக்கு தனியா முளைக்குமா? எனக்கு ஒறக்கம் வரல மாமி."

எனக்கும்தான் வரவில்லை. தெருவில் யாராவது இருமினால்கூட என் பேரைச் சொன்ன மாதிரி இருந்தது. கண்ணாடியில் என் கண்ணை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டேன். என்னவோ, அது மஞ்சளாகிவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பொய் உண்மையாகிவிடுமே.

நாலாவது தடவை அவர் வந்தது ஒரு மத்தியான வேளை. நான் மட்டும்தான் வீட்டில். உட்காரச் சொல்லுமுன் உட்கார்ந்தார். நோட்டைத் திறக்கவில்லை.

"செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். புருஷன் மட்டும் இருந்தான். ஆணியில ஸ்கூல் பை தொங்குது. பையில தண்ணி பாட்டில். பாட்டில்ல விளக்குப் படம்."

எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போயி செல்விகிட்ட கேட்டேன். எந்த வீட்டுல கொடுத்தாங்கன்னு சொல்ல மாட்டேங்கிறா. கிடந்துச்சு எடுத்தேன்கிறா. மூணு தரம் கேட்டாச்சு. வேலை கொடுத்த வீடாம், சொல்ல மாட்டாளாம். அவ வேலை செய்யிற மூணு வீட்டுலயும் பானகத்தைக் குடிச்சு தீத்துட்டோம்னு சொல்லியிருக்கீங்க." மடியிலிருந்த நோட்டைத் தடவினார். "நான் கண்டது பாட்டிலை. கொடுத்ததைக் காணலை. நாளைக்கு மேலிடத்துக்கு ரிப்போர்ட் கொடுக்கணும். கோடு இல்லேன்னா அவ வீடுதான் முதல் வீடு. அந்த மூலை வீட்டுக் கிணறும் அப்படியே கிடக்கும். உங்க வீட்டு நிச்சயதார்த்தச் சாப்பாடும் அந்தத் தண்ணியிலதானே?"

என்ன கேட்பது என்று தெரியாமல், "நீங்க ஒரு கோட்டையாவது மறைச்சதுண்டா?" என்று கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு" என்றார். "கொரோனா நேரத்துல எனக்கு தொண்டை கரகரன்னு இருந்துச்சு. சொன்னா வீட்டுல அடைச்சிருவாங்க, டியூட்டிக்கு ஆளில்லைன்னு நாலு நாள் சொல்லல. தினமும் கடைக்குப் போயி அப்பாவுக்கு சோறு கொடுத்தேன். அப்பா பொட்டை நான்தான் மாத்தி ஒட்டினேன். சிவப்புக்கு அப்புறம் ஒட்டறதுக்கு எங்கிட்ட நிறம் இல்ல மாமி. எடுத்துட்டேன்."

நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நிச்சயதார்த்தம் நின்றுவிடுமே என்று பயந்து பொய் சொன்னதையும் சேர்த்து. அவர் ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. மூலை வீட்டிலிருந்து எங்களுக்குப் போட்ட மூன்று பென்சில் கோட்டையும் அழித்தார். பாட்டில் வந்த வழிக்கு மூலை வீட்டிலிருந்து என் பொட்டுக்கு ஒரு கோடு, என் பொட்டிலிருந்து அந்தக் குழந்தையின் பொட்டுக்கு இன்னொரு கோடு. பேனாவில். "பேரு வெளிய வராது. அது என் பொறுப்பு" என்றார். ஏதோ ஒரு வீடு ஒத்துக்கொண்டது என்ற சேதி மட்டும், எந்த வீடு என்று தெரியாமலே, எப்படியோ காற்றில் பரவி, இன்னும் மூன்று வீட்டில் அவரை ரகசியமாகக் கூப்பிட்டு, நாங்களும் குடிக்கவில்லை என்றார்கள். அப்புறம் படம் தெளிந்துவிட்டது. நிஜமாகக் குடித்தவர்கள் எல்லாம் சிவப்பு. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்க் கசிந்திருந்தது.

பஜனை மடத்தில் தெருக்கூட்டம் போட்டார்கள். பொட்டு சேச்சி ஒரு பெரிய சார்ட்டில் அதே படத்தைப் போட்டுச் சுவரில் ஒட்டினார். பெயர் கிடையாது, பொட்டும் கோடும் மட்டும். கிணறு, பானகம், காய்ச்சாத தண்ணீர் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். இனிமேல் பயமில்லை, எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் மூலை வீட்டு மாமி எழுந்தாள். தெருவுக்கு வெளியே ஓரத்தில் தனியாக இருந்த சிவப்புப் பொட்டையும் அதன் கோட்டையும் கை நீட்டிக் காட்டினாள்.

"அது வேலைக்காரி குழந்தைதானே? நம்ம தெருப் பொட்டோட கோடு சேர்றது பாருங்கோ. நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ? அங்கேருந்துதான் இங்க வந்திருக்கு. அப்புறம் எங்காத்துக் கிணத்தைச் சொல்றேளே!"

"அதானே" என்று நாலு குரல்.

"இல்ல மாமி, அம்பு அந்தப் பக்கமா இருக்கு. இங்கயிருந்து அங்க போயிருக்கு" என்றார் பொட்டு சேச்சி.

"அம்பாவது கிம்பாவது. ரெண்டு புள்ளி, நடுவுல ஒரு கோடு. எந்தப் பக்கம் வேணும்னாலும் படிக்கலாம். இங்கேருந்து போச்சுன்னா யார் ஆத்துலேருந்து போச்சு? சொல்லுங்கோளேன்!"

பொட்டு சேச்சியின் முகம் சிவந்துவிட்டது. கோபம் வந்துவிட்டது. ஆனால் மலையாளத்திலும் ஒரு வார்த்தை வரவில்லை. கூட்டத்தில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல், குறிப்பாக நான் இருந்த பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்து நின்றார். எனக்குக் கொடுத்த வாக்கு. செல்வியை இனி ஒரு வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள் என்று எனக்கு அந்த நிமிஷம் நன்றாகத் தெரிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பெண் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்காத்துலேருந்துதான்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "நீங்க கொடுத்த பானகத்தை நாங்க குடிக்கலை. நான்தான் செல்விகிட்ட கொடுத்தேன். குழந்தைக்குக் கொடுன்னு சொல்லிக் கொடுத்தேன்."

மூலை வீட்டு மாமி என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்பாள் பிரசாதத்தையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனாள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. என் பெண் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்கு அப்புறம் பேசினாள், ஆனால் பழையபடி இல்லை.

மறுநாள் பொட்டு சேச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது என்னையும் அழைத்துப்போனார். குழந்தை எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தது, ஆனால் முகம் சுருங்கி, கண்ணில் இன்னும் மஞ்சள். செல்வி என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாமத்தான மாமி கொடுத்திய" என்றாள்.

பொட்டு சேச்சி நோட்டைத் திறந்தார்.

"செல்வி, வீட்டுல யாரு யாரு குடிச்சீங்க? எத்தனை டம்ளர்?"

"நாங்க ரெண்டு பேரும் ஒரு வாய்கூட குடிக்கலக்கா. இவளுக்கு இனிப்புன்னா உசுரு. அதனால முழுசும் இவளுக்கே வச்சிருந்தேன். ரெண்டு நாளா ஊத்தி ஊத்திக் குடிச்சா. தீந்ததும், மாமி வீட்டுல இன்னும் இருக்கான்னு கேளும்மான்னு ஒரே அழுகை. எனக்குக் கேக்க வெக்கமா இருந்துச்சு. கேக்காம விட்டுட்டேன்."

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். இந்த இடத்திலாவது பேனா நிற்கும் என்று நான் காத்திருந்தேன். நிற்கவில்லை. அழுகை, வெட்கம் எல்லாவற்றையும் வரி விடாமல் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கொடுத்தது எந்த நாளு?"

நானே சொல்லட்டும் என்பதுபோல் செல்வி என்னைப் பார்த்தாள். அவரும் பேனாவை நோட்டில் ஊன்றிக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்.

"சரஸ்வதி பூஜைக்கு மறுநாள். காலையில" என்றேன்.